ஆர்மேனியா 2018: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காகசஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, ஜார்ஜியா, அசர்பைஜான், ஈரான், துருக்கி ஆகிய நான்கு நாடுகளுக்கிடையே அமைந்திருக்கும் ஆர்மேனியா ஏறத்தாழ முப்பது லட்சம் மக்கள் வாழும் சிறிய நாடு. அங்கு 2018 ஆம் ஆண்டில் ஒரு துப்பாக்கிச் சூடும் இன்றி ஆட்சி மாறியது. அந்த ஆண்டின் நிகழ்வுகளைப் பற்றி வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

2018 ஆம் ஆண்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகிறது?

சோவியத் ஒன்றியம் கலைந்தபின் உருவான நாடுகள் பலவற்றில் தெருப் போராட்டங்கள் ஆட்சியைக் கவிழ்த்திருக்கின்றன. ஆனால் தேர்தல் எதுவும் நடக்காத ஒரு மாதத்தில், உயிர்ப்பலி இல்லாமல், வெளிநாட்டு வல்லரசு எதன் துணையும் இல்லாமல், பத்தாண்டுகள் அசைக்க முடியாதவராக இருந்த ஒரு தலைவரை மக்கள் பதவியிறக்கியது அரிதினும் அரிது. இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஏப்ரல் 17 அன்று செர்ஜ் சர்க்சியானை 77 வாக்குகளால் பிரதமராக்கிய அதே நாடாளுமன்றம்தான், அதே 105 உறுப்பினர்களுடன், மே 8 அன்று அவரை எதிர்த்துப் போராடிய நிகோல் பஷின்யானை 59 வாக்குகளால் பிரதமராக்கியது. இடைப்பட்ட மூன்று வாரங்களில் கட்சிகளின் இடங்கள் ஒன்றுகூட மாறவில்லை. மாறியதெல்லாம் தெருவில் நின்றிருந்த மக்களின் எண்ணிக்கைதான். 2018 ஆம் ஆண்டைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இந்த இரண்டு வாக்கெடுப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

போராட்டத்துக்கு உடனடிக் காரணம் என்ன?

மீறப்பட்ட ஒரு வாக்குறுதிதான் காரணம். செர்ஜ் சர்க்சியான் 2008 இல் குடியரசுத் தலைவரானார்; 2013 இல் மீண்டும் தேர்வானார். இரண்டு முறைக்கு மேல் அப்பதவியை வகிக்க அரசியலமைப்பு இடம் தரவில்லை. அவருடைய இரண்டாம் பதவிக்காலம் ஓடிக்கொண்டிருந்தபோதே, நாட்டைக் குடியரசுத் தலைவர் ஆட்சிமுறையிலிருந்து நாடாளுமன்ற ஆட்சிமுறைக்கு மாற்றும் திட்டம் முன்வைக்கப்பட்டு, 2015 டிசம்பர் 6 அன்று பொதுவாக்கெடுப்பின் வழியாக நிறைவேற்றப்பட்டது. இதன்படி அதிகாரம் முழுவதும் பிரதமரிடம் சென்றது. பிரதமர் பதவிக்குக் கால வரம்பு எதுவும் இல்லை. பதவியில் தொடர்வதற்காகவே இந்த ஏற்பாடு என்று எதிர்க்கட்சிகள் அப்போதே சந்தேகித்தன. ஆனால் 2014 இலேயே, மீண்டும் குடியரசுத் தலைவர் பதவியையோ, புதிய முறை வந்தால் பிரதமர் பதவியையோ தாம் நாடப்போவதில்லை என்று சர்க்சியான் வெளிப்படையாக அறிவித்திருந்தார்.

2018 மார்ச் மாதத்தில் அந்த அறிவிப்பு காற்றில் பறந்தது. ஆளும் குடியரசுக் கட்சி அவரையே பிரதமர் வேட்பாளராக நிறுத்தப்போகிறது என்பது உறுதியானது. ஊழல், வேலையின்மை, பிழைப்புத் தேடி இளைஞர்கள் ரஷ்யாவுக்குப் போய்விடும் அவலம், ஒருசில செல்வர்களின் கையில் சிக்கிய இறக்குமதி வணிகம் என மக்களுக்கு நீண்டநாள் குறைகள் ஏராளம் இருந்தன. எனினும் அவை எல்லாவற்றையும் ஒரே முழக்கத்துக்குள் கொண்டுவந்தது இந்த வாக்கு மீறல்தான். 'ஓர் அடி எடுத்துவை, செர்ஜை நிராகரி' என்பதே அந்த முழக்கம்.

செர்ஜ் சர்க்சியானும் ஆர்மென் சர்க்சியானும் உறவினர்களா?

இல்லை. ஆர்மேனியர்களிடையே பரவலாக உள்ள குடும்பப் பெயர் அது. ஆர்மென் சர்க்சியான் இயற்பியலாளர். தொண்ணூறுகளில் சிறிது காலம் பிரதமராகவும், பின்னர் லண்டனில் தூதராகவும் இருந்தவர். 2018 மார்ச் 2 அன்று நாடாளுமன்றம் அவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஏப்ரல் 9 அன்று பதவியேற்றார். புதிய அரசியலமைப்பின்படி அது பெரும்பாலும் அலங்காரப் பதவி.

நிகோல் பஷின்யான் யார்?

1975 இல் வடகிழக்கு நகரமான இஜெவானில் பிறந்த பஷின்யான் அடிப்படையில் ஒரு பத்திரிகையாளர். 'ஹாய்ககான் ஜமானக்' என்ற நாளிதழின் ஆசிரியராக இருந்து, ஆட்சியாளர்களைக் கடுமையாகச் சாடி எழுதியவர். 2008 பிப்ரவரியில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் செர்ஜ் சர்க்சியான் வென்றதாக அறிவிக்கப்பட்டபோது, முன்னாள் குடியரசுத் தலைவர் லெவோன் தெர்-பெத்ரோசியானின் ஆதரவாளர்கள் முறைகேடு என்று கூறித் திரண்டனர். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் பஷின்யானும் ஒருவர். மார்ச் 1 அன்று காவல்துறையும் படையினரும் கூட்டத்தைக் கலைத்தபோது பத்துப் பேர் உயிரிழந்தனர். ஓராண்டுக்கு மேல் தலைமறைவாக இருந்த பஷின்யான் 2009 இல் சரணடைந்து, சிறைத்தண்டனை பெற்று, 2011 இல் பொதுமன்னிப்பில் வெளிவந்தார்.

2018 தொடக்கத்தில் அவரைப் பெரிய சக்தியாக எவரும் கருதவில்லை. அவர் இருந்த 'யெல்க்' கூட்டணிக்கு நாடாளுமன்றத்தில் இருந்தவை ஒன்பதே இடங்கள். அந்தக் கூட்டணியிலும் எல்லோரும் அவருடைய போராட்டத்துக்கு உடன்படவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். தம்முடைய 'குடிமை ஒப்பந்தம்' கட்சியின் சிறு கூட்டத்தை நம்பியே அவர் கிளம்பினார்.

நடைபயணம் எப்படி நடந்தது?

மார்ச் 31 அன்று நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான கியூம்ரியிலிருந்து பஷின்யான் சில தோழர்களோடு தலைநகர் யெரெவானை நோக்கி நடக்கத் தொடங்கினார். நேர்வழியில் செல்லாமல், வடக்கே வனத்ஸோர், திலிஜான் ஆகிய ஊர்களைத் தொட்டுச் சுற்றிவந்ததால் நடந்த தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். முதுகில் பை, தலையில் தொப்பி, மழிக்காத தாடி, படைவீரர் அணிவதைப் போன்ற வண்ணச் சட்டை என்ற அவருடைய தோற்றம் அந்த இரண்டு வாரங்களில் உருவானதே. 'துணிவோடு' என்ற பொருள்படும் சொல் பொறித்த அந்தத் தொப்பியைப் பின்னர் யெரெவான் கடைவீதிகளில் சிறுவர்களும் அணிந்து திரிந்தார்கள்.

தொலைக்காட்சிகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத இந்தப் பயணத்தை மக்கள் முகநூல் நேரலையில் பார்த்தார்கள். கிராமத்துச் சாலையோரம் நின்றவர்களிடம் அவர் பேசியதும், அவர்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னதும் அப்படியே ஒளிபரப்பாகின. பெரிய கூட்டம் எதுவும் வழியில் சேர்ந்துவிடவில்லை. ஆனால் தலைநகரில் மட்டுமே நடக்கும் அரசியலைப் பார்த்துச் சலித்துப்போன வட்டார நகரங்களுக்கு, ஒருவர் தங்கள் ஊர் வழியாக நடந்து போகிறார் என்பதே செய்தியாயிற்று. பின்னால் நாடு முழுவதும் ஒரே நாளில் சாலைகள் மறிக்கப்பட்டதற்கான வித்து இங்கேதான் விழுந்தது.

ஏப்ரல் 13 முதல் 21 வரை யெரெவானில் என்ன நடந்தது?

ஏப்ரல் 13 அன்று நடைபயணம் யெரெவானை அடைந்தது. இசை நாடக அரங்குக்கு அருகிலுள்ள பிரான்ஸ் சதுக்கத்தைப் போராட்டக்காரர்கள் ஆக்கிரமித்தார்கள். மறுநாள் பொது வானொலிக் கட்டடத்துக்குள் நுழைந்து ஒலிபரப்பில் பேச இடம் கேட்டார்கள். ஏப்ரல் 16 அன்று நாடாளுமன்றத்தை நோக்கிப் பாக்ராமியான் நிழற்சாலையில் சென்ற ஊர்வலத்தை முள்கம்பி வேலி தடுத்தது. காவலர்கள் ஒலிக்குண்டுகளை வீசினர். கம்பியில் சிக்கிப் பஷின்யானின் கை கிழிந்தது. அன்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையை நாடினார்கள். அவர்களுள் காவலர்களும் இருந்தனர். அதன்பின் பல நாட்கள் கட்டுப்போட்ட கையோடுதான் அவர் மேடையேறினார்.

ஏப்ரல் 17 அன்று நாடாளுமன்றம் திட்டமிட்டபடி செர்ஜ் சர்க்சியானைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது. ஆதரவாக 77, எதிராக 17. வழக்கமான போராட்டம் எதுவாக இருந்தாலும் இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அன்று மாலையே குடியரசுச் சதுக்கத்தில் 'வெல்வெட் புரட்சி' தொடங்கிவிட்டதாகப் பஷின்யான் அறிவித்தார். மறுநாளிலிருந்து கூட்டம் பெருகியது. மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். பகலில் சிறு சிறு குழுக்கள் ஆளுக்கொரு சந்திப்பை மறித்துவிட்டுக் காவலர்கள் வருமுன் அடுத்த சந்திப்புக்கு நகர்ந்தன. மாலையில் எல்லாரும் குடியரசுச் சதுக்கத்தில் கூடினார்கள். வீட்டைவிட்டு வர இயலாத முதியவர்களும் பெண்களும் இரவில் சாளரங்களைத் திறந்து பாத்திரங்களைத் தட்டி ஒலியெழுப்பினார்கள். ஏப்ரல் 21 அன்று குடியரசுத் தலைவர் ஆர்மென் சர்க்சியான் தாமே சதுக்கத்துக்கு வந்து பஷின்யானோடு பேசி, பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்.

ஏப்ரல் 22, 23 ஆகிய இரு நாட்களில் நடந்தவை என்ன?

ஏப்ரல் 22 காலையில், குடியரசுச் சதுக்கத்தையொட்டிய ஒரு விடுதியில், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் செர்ஜ் சர்க்சியானும் பஷின்யானும் எதிரெதிரே அமர்ந்தார்கள். பதவி விலகலைப் பற்றி மட்டுமே பேச வந்திருப்பதாகப் பஷின்யான் கூறினார். இது பேச்சுவார்த்தை இல்லை, மிரட்டல் என்றார் சர்க்சியான். ஏழெட்டு விழுக்காடு வாக்குப் பெற்ற ஒரு குழுவுக்கு மக்களின் பெயரால் பேச உரிமையில்லை என்றும், மார்ச் 1 நிகழ்விலிருந்து நீங்கள் பாடம் கற்கவில்லை என்றும் சொல்லிவிட்டு எழுந்து போனார். மொத்தச் சந்திப்பும் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

பத்துப் பேர் இறந்த அந்த நாளை மிரட்டலாக எடுத்துச் சொன்னதுதான் அவர் செய்த மிகப்பெரிய பிழை. அதுவரை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு வாக்கியத்தால் தெருவுக்கு வந்தார்கள். சற்று நேரத்தில் எரெபுனி பகுதியில் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்த பஷின்யானும், அவருடன் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். தலைவர் இல்லாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று அரசு கணக்கிட்டிருக்கக்கூடும். நடந்ததோ நேர்மாறானது. அன்று மாலை சதுக்கத்தில் அதுவரை காணாத கூட்டம் திரண்டது.

மறுநாள் திங்கட்கிழமை, சீருடை அணிந்த படைவீரர்கள் சிலர் ஊர்வலத்தில் சேர்ந்து நடந்த காட்சி நாடெங்கும் பரவியது. பிற்பகலில் பஷின்யான் விடுவிக்கப்பட்டார். அதையடுத்துச் சர்க்சியானின் அறிக்கை வந்தது. "நிகோல் பஷின்யான் சரியாக இருந்தார், நான் தவறிவிட்டேன்" என்று அதில் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். தெருவில் நடக்கும் இயக்கம் தமது பதவிக்காலத்துக்கு எதிரானது, உங்கள் கோரிக்கையை நிறைவேற்றுகிறேன் என்று முடித்திருந்தார். பிரதமரான ஆறே நாளில் பதவி முடிந்தது. சதுக்கத்தில் முன்பின் அறியாதவர்கள் கட்டித்தழுவி அழுதார்கள்.

அதற்கு மறுநாள் போராட்டம் ஏன் நிறுத்தப்பட்டது?

ஏப்ரல் 24 ஆர்மேனியர்களின் துயர நாள். 1915 இல் ஒட்டோமான் பேரரசில் தொடங்கிய இனப்படுகொலையில் மாண்டவர்களை அன்று நினைவுகூர்கிறார்கள். ஆண்டுதோறும் போலவே அன்றும் மக்கள் யெரெவானின் சித்சேர்நகபெர்த் குன்றுக்கு ஏறி, அணையாச் சுடரைச் சுற்றி மலர் வைத்தார்கள். முழக்கங்கள் இல்லை. முந்தைய நாள் எதிரெதிரே நின்றவர்கள் அதே குன்றுக்குத் தனித்தனியாக வந்து சென்றார்கள். அந்நாளில் தெருவில் மோதல் நடப்பதை எந்த ஆர்மேனியரும் விரும்பியிருக்க மாட்டார் என்பதும், சர்க்சியான் 23 ஆம் தேதியே முடிவெடுத்ததற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

செர்ஜ் சர்க்சியான் விலகிய பிறகும் மே மாதம் வரை இழுபறி ஏன்?

ஆள் போனாரே தவிர, ஆளுங்கட்சியின் பெரும்பான்மை அப்படியே இருந்தது. 105 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 58, தொழிலதிபர் ககிக் சருக்யானின் கூட்டணிக்கு 31, யெல்க் கூட்டணிக்கு 9, தஷ்னாக் கட்சிக்கு 7. பிரதமராக 53 வாக்குகள் தேவை. பிற கட்சிகள் அனைத்தும் பஷின்யானை ஆதரித்தாலும் 47தான் தேறும். இடைக்காலப் பிரதமராக இருந்த கரேன் கராபெத்யானோ, குடியரசுக் கட்சியின் வேறு எவரோ பதவியில் அமர்ந்தால் பழைய ஆட்சிதான் தொடரும் என்று போராட்டக்காரர்கள் அஞ்சினார்கள்.

மே 1 அன்று நாடாளுமன்றம் கூடியது. பஷின்யான் ஒருவரே வேட்பாளர். நாள் முழுவதும் கேள்விகளும் உரைகளும் நீண்டன. சதுக்கத்தில் பெரிய திரையில் மக்கள் அதை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறுதியில் ஆதரவு 45, எதிர்ப்பு 55. அவர் தோற்றார். அன்றிரவே மறுநாள் முழு அடைப்புக்கு அழைப்பு விடுத்தார்.

மே 2 ஆம் நாளை நேரில் கண்டவர்கள் மறப்பதற்கில்லை. யெரெவானின் தெருக்கள், நகரை விட்டு வெளியேறும் நெடுஞ்சாலைகள், விமான நிலையத்துக்குச் செல்லும் வழி, சுரங்க ரயில் நிலையங்கள் என எல்லாம் முடங்கின. வட்டார நகரங்களிலும் கிராமங்களிலும் அவரவர் தாங்களாகவே சாலையை மறித்தார்கள். சரக்கு லாரிகளைக் குறுக்கே நிறுத்தியவர்கள் ஒருபுறம். வீட்டு வாசலிலிருந்த மர இருக்கைகளை எடுத்து வந்து சாலை நடுவே போட்டு உட்கார்ந்த பாட்டிகள் மறுபுறம். குழந்தைகள் தங்கள் பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கிச் சாலையை மறித்த படம் உலகெங்கும் சென்றது. வாகனம் ஓடாத சாலைகளில் கைகோத்துக் கொச்சாரி நடனம் ஆடினார்கள். அன்று மாலையே குடியரசுக் கட்சி இறங்கி வந்தது: நாடாளுமன்ற உறுப்பினர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் முன்மொழியும் வேட்பாளரை ஆதரிப்போம் என்று அறிவித்தது. மே 8 அன்று 59க்கு 42 என்ற கணக்கில் பஷின்யான் பிரதமரானார். குடியரசுக் கட்சியிலிருந்தே பத்துக்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு வாக்களித்திருந்தார்கள்.

ரத்தம் சிந்தாமல் இது முடிந்தது எப்படி?

முதன்மையான காரணம் 2008 இன் நினைவு. இரு தரப்பிலும் அந்த மார்ச் 1 மனத்தில் இருந்தது. காவலர்கள் நெருங்கினால் கைகளை உயர்த்திக் காட்டுங்கள், எதிர்த்துத் தாக்காதீர்கள் என்று பஷின்யான் ஒவ்வொரு மேடையிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டாவதாக, போராட்டத்துக்கு ஒற்றை மையம் இல்லை. நூறு இடங்களில் நூறு பேர் நிற்கும்போது படையை எங்கே அனுப்புவது? மூன்றாவதாக, பதவி விலகியவருக்கும் இதில் பங்கு உண்டு. படைபலம் கையிலிருந்தும் செர்ஜ் சர்க்சியான் அதை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. அவருடைய ஆட்சியைக் கண்டிப்பவர்களும் இதை ஒத்துக்கொள்வதுதான் நேர்மை.

ரஷ்யா ஏன் தலையிடவில்லை?

தலையிடக் காரணம் தரப்படவில்லை. கியூம்ரியில் ரஷ்யாவின் 102 ஆவது படைத்தளம் இருக்கிறது. ஆர்மேனியா 2015 முதல் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தின் உறுப்பினர். பஷின்யான் முன்பு அந்த ஒன்றியத்தை விமரிசித்தவர் என்றாலும், போராட்டக் காலத்தில் இது முழுக்க உள்நாட்டு விவகாரம், வெளியுறவுக் கொள்கையில் மாற்றமில்லை என்று அழுத்திச் சொன்னார். சதுக்கத்தில் ஆர்மேனியாவின் மூவண்ணக் கொடிதான் பறந்தது. பிரதமரான ஒரு வாரத்துக்குள், மே 14 அன்று, சோச்சியில் புதினைச் சந்தித்தார். உரசல்கள் பின்னால் வந்தன. 2008 நிகழ்வு தொடர்பாக, ரஷ்யத் தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பின் பொதுச்செயலாளராக அப்போது இருந்த ஆர்மேனியத் தளபதி யூரி கச்சாதுரோவ் மீது ஜூலையில் குற்றம் சாட்டப்பட்டபோது, ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார்.

புதிய அரசு ஊழலுக்கு எதிராக என்ன செய்தது?

மக்களை உலுக்கிய முதல் நிகழ்வு ஜூன் மாதத்தில் நடந்தது. ஆர்மேனியர்களும் அசர்பைஜானும் உரிமை கோரிய கராபாக் பகுதிக்காக நடந்த போரின் நாயகராகப் போற்றப்பட்டவரும், குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினருமான தளபதி மன்வெல் கிரிகோரியானின் எச்மியாட்ஸின் வீடுகளைப் பாதுகாப்புத் துறையினர் சோதனையிட்டார்கள். ஆயுதங்களோடு, படைவீரர்களுக்காக மக்கள் நன்கொடையாகத் தந்த உணவு டப்பாக்களும் மருந்துப் பொருட்களும் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தன. 2016 ஏப்ரலில் கராபாக்கில் நான்கு நாள் போர் மூண்டபோது பள்ளிப் பிள்ளைகள் எல்லைப் படைவீரர்களுக்கு எழுதிய கடிதங்களும் அவற்றுள் இருந்தன. சோதனைக் காணொலி வெளியானதும் கட்சி வேறுபாடின்றி எல்லாரும் கொதித்தார்கள். நாடாளுமன்றம் சில நாட்களிலேயே அவருடைய சட்டப் பாதுகாப்பை நீக்கியது.

இரண்டாவது, 2008 மார்ச் 1 நிகழ்வின்போது பதவியில் இருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ராபர்ட் கொச்சரியான் மீதான வழக்கு. அரசியலமைப்பு ஒழுங்கைக் கவிழ்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு ஜூலை இறுதியில் கைதானார். ஆகஸ்ட் 13 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. டிசம்பர் 7 அன்று மீண்டும் சிறை சென்றார். பத்துப் பேர் சாவுக்குப் பத்தாண்டுகளாக எவரும் பொறுப்பேற்காத நாட்டில் இந்த விசாரணை தேவையானது. ஆனால் செப்டம்பரில், பாதுகாப்புத் துறைத் தலைவரும் சிறப்பு விசாரணைத் துறைத் தலைவரும் இவ்வழக்கைப் பற்றித் தொலைபேசியில் பேசிய உரையாடல்கள் கசிந்தபோது, நீதித்துறை உண்மையிலேயே தனித்து இயங்குகிறதா என்ற ஐயமும் எழுந்தது. அது நியாயமான ஐயம்.

பிரதமரான பஷின்யான் அக்டோபரில் ஏன் தாமே பதவி விலகினார்?

பழைய நாடாளுமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. செப்டம்பர் 23 அன்று நடந்த யெரெவான் மாநகராட்சித் தேர்தலில் அவருடைய 'என் அடி' கூட்டணி 81 விழுக்காடு வாக்குகளை அள்ளியது. நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற ஹாய்க் மருத்யான் மேயரானார். அந்த அலை ஓயுமுன் பொதுத்தேர்தலை நடத்திவிட அவர் விரும்பினார். அதைத் தள்ளிப்போட விரும்பிய குடியரசுக் கட்சி, சருக்யான் கட்சி, தஷ்னாக் கட்சி மூன்றும் சேர்ந்து, கலைப்பைக் கடினமாக்கும் சட்டத் திருத்தத்தை அக்டோபர் 2 அன்று நிறைவேற்றின. அன்றிரவு பஷின்யானின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தார்கள். சருக்யான், தஷ்னாக் கட்சிகளின் அமைச்சர்களை அவர் நீக்கினார்.

பிரதமர் விலகி, அடுத்த பிரதமரை நாடாளுமன்றம் இருமுறை முயன்றும் தேர்ந்தெடுக்காவிட்டால் அது தானாகவே கலைந்துவிடும் என்பது சட்டம். அந்த வழியையே அவர் தேர்ந்தெடுத்து அக்டோபர் 16 அன்று விலகினார். கட்சிகளும் இறுதியில் இணங்கின; நவம்பர் 1 அன்று நாடாளுமன்றம் கலைந்தது.

டிசம்பர் 9 தேர்தலின் முடிவு என்ன?

'என் அடி' கூட்டணி 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று, 132 இடங்களில் 88ஐக் கைப்பற்றியது. சருக்யானின் 'வளமான ஆர்மேனியா' 26, 'ஒளிமிகு ஆர்மேனியா' 18. இருபதாண்டுகளாக அதிகாரத்தின் மையமாக இருந்த குடியரசுக் கட்சி 4.7 விழுக்காடு மட்டுமே பெற்று, 5 விழுக்காட்டு வரம்பைக்கூடத் தாண்டாமல் வெளியேறியது. வாக்குக்குப் பணம் கொடுப்பதும், அரசு ஊழியர்களை மிரட்டுவதும் வழக்கமாகிப் போயிருந்த நாட்டில், அடிப்படை உரிமைகளை மதித்து, மக்களின் பரவலான நம்பிக்கையோடு நடந்த தேர்தல் என்று ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்கள் மதிப்பிட்டார்கள். வாக்களித்தோர் 48.6 விழுக்காடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெருவில் கண்ட எழுச்சியோடு ஒப்பிட்டால் இது குறைவுதான்.

அரசியலுக்கு அப்பால் குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் யாவை?

மே 28 அன்று முதல் ஆர்மேனியக் குடியரசின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது. 1918 மே மாதம் சர்தராபாத்தில் துருக்கியப் படையைத் தடுத்து நிறுத்தியதால்தான் அந்தக் குடியரசு பிறந்தது. விழாவும் அந்தப் போர்க்களத்து நினைவிடத்திலேயே நடந்தது. கி.மு. 782 இல் உரார்த்து மன்னன் அர்கிஷ்டி எழுப்பிய எரெபுனிக் கோட்டையிலிருந்து தன் வயதைக் கணக்கிடும் யெரெவான் நகரம், அக்டோபரில் 2800 ஆவது ஆண்டைக் கொண்டாடியது.

அக்டோபர் 1 அன்று பாடகர் சார்ல் அஸ்னவூர் தம் 94 ஆம் வயதில் பிரான்சில் மறைந்தார். அகதிகளாக வந்த ஆர்மேனியப் பெற்றோருக்குப் பாரிசில் பிறந்த அவர், 1988 டிசம்பர் 7 நிலநடுக்கம் ஸ்பித்தாக்கையும் கியூம்ரியையும் தரைமட்டமாக்கி இருபத்தைந்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபோது உதவி திரட்டத் தம் புகழையெல்லாம் செலவிட்டவர். கியூம்ரியில் அவருக்குச் சிலை உண்டு. பாரிசில் நடந்த அரசு அஞ்சலியில் பஷின்யானும் பங்கேற்றார். ஆர்மேனியத் துதுக் குழலின் இசை அங்கே ஒலித்தது. அடுத்த வாரமே, அக்டோபர் 11, 12 தேதிகளில், பிரெஞ்சு பேசும் நாடுகளின் உச்சி மாநாடு யெரெவானில் கூடியது. மக்ரோனும் ட்ரூடோவும் வந்திருந்தார்கள். நிலநடுக்கத்தின் முப்பதாம் ஆண்டு நினைவு நாள், தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பாக வந்தது.

ஆர்மேனியாவுக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சென்னை ஜார்ஜ் டவுன் அரண்மனைக்காரத் தெருவில் நிற்கும் ஆர்மேனியத் தேவாலயம் 18 ஆம் நூற்றாண்டில் இங்கு வணிகம் செய்த ஆர்மேனியர்கள் கட்டியது. உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794 இல் சென்னையில்தான் அச்சானது. அதற்கும் முன்பு, சென்னை வணிகர் சகாமிர் சகாமிரியானின் அச்சகம், எழுதப்பட்ட சட்டமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையும் ஆளும் விடுதலை பெற்ற ஆர்மேனியாவுக்கு ஓர் அரசியலமைப்பு வரைவையே வெளியிட்டது. ஆர்மேனியா என்றொரு நாடு வரைபடத்தில் இல்லாத காலம் அது.

நாகோர்னோ-கராபாக் சிக்கல் அந்த ஆண்டில் எப்படி இருந்தது?

ஒப்பீட்டளவில் அமைதியாக இருந்தது. செப்டம்பர் இறுதியில் துஷன்பேயில் நடந்த மாநாட்டில் பஷின்யானும் அசர்பைஜான் அதிபர் இல்ஹாம் அலியேவும் நேரில் பேசி, இரு தரப்புக்கும் இடையே நேரடித் தகவல் தொடர்பை ஏற்படுத்த உடன்பட்டார்கள். எல்லையில் துப்பாக்கிச் சூடு குறைந்தது. அடிப்படைச் சிக்கலைத் தொடும் பேச்சு எதுவும் நடக்கவில்லை. 2020 இல் பெரும் போராக அது வெடித்தது.

ஆண்டு முடிவில் தீராமல் நின்ற சிக்கல் எது?

பல இருந்தன, அவற்றுள் அமுல்சார் மலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெற்கே, மருத்துவக் குணமுள்ள வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்முக் நகருக்கு அருகே, வெளிநாட்டு முதலீட்டில் ஒரு தங்கச் சுரங்கம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. தங்கள் நீரூற்றுகளும் ஆறுகளும் கெட்டுவிடும் என்று நெடுநாள் அஞ்சியிருந்த ஊர்மக்கள், ஜூன் மாதத்தில் சுரங்கத்துக்குச் செல்லும் வழிகளை மறித்தார்கள். ஏப்ரலில் கற்ற அதே முறை. முதலீட்டாளரை இழக்க அரசுக்கு மனமில்லை; மறியல் வழியாகவே ஆட்சிக்கு வந்தவர்கள் மறியலைப் படை கொண்டு கலைக்கவும் முடியவில்லை. அரசு ஆய்வுக்கு உத்தரவிட்டுக் காலம் கடத்தியது. டிசம்பர் தேர்தலில் புதிய நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகும், மலைப்பாதையில் ஊர்மக்கள் போட்டிருந்த காவல் நீடித்தது. சுரங்கப் பணி நின்றபடியே இருந்தது.